வாசகர் கேள்வி – பதில்: செடி இறங்கினால் குளம் தெளியுமா?

நகரத்துக் குளங்களில் மிதவைத் தோட்டம், அதாவது வேர் தண்ணீருக்குள் தொங்கும்படி செடி நட்ட மிதவைகள், அமைப்பது பற்றிச் சென்ற இதழில் நான்கு வரிகளில் ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். அதையொட்டி யாங்கோனிலிருந்தும் வெளியூர்களிலிருந்தும் வந்த கடிதங்களில் பலருக்கும் பயன்படக்கூடிய ஐந்தைத் தேர்ந்தெடுத்து, இந்த முறை பக்கம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

*கேள்வி: எங்கள் பேட்டையின் நடுவே ஒரு பழைய குளம் இருக்கிறது. சுற்றியுள்ள ஐந்நூறு பேரின் சாக்கடை நீர் இரண்டு வாய்க்கால்கள் வழியே அதில் வந்து விழுகிறது. பங்குனி, சித்திரையில் தண்ணீர் பச்சைக் குழம்பாகி நாறுகிறது. சென்ற ஆண்டு மீன்கள் செத்து மிதந்தன. கல்வாழையும் வெட்டிவேரும் நட்ட மிதவைகளை விட்டால் ஓராண்டில் தெளிந்துவிடும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். பேட்டை இளைஞர்கள் பணம் திரட்டவும் தயாராக இருக்கிறார்கள். இதில் இறங்கலாமா, ஐயா?*
— வாசகர், மிங்கலா தவுன்யூன், யாங்கோன்

பதில்: தாராளமாக இறங்கலாம். ஆனால் முதல் கூடைக் கல்வாழையை வாங்குவதற்கு முன், அந்த இரண்டு வாய்க்கால்களும் குளத்தில் விழும் இடத்தில் நின்று, உள்ளே என்ன வருகிறது, எவ்வளவு வருகிறது என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். செடியால் ஆகக்கூடிய வேலைக்கு ஓர் அளவு உண்டு. அந்த அளவு தெரியாமல் தொடங்கிய முயற்சிகள் இரண்டாம் ஆண்டிலேயே கைவிடப்பட்டு, பாதி அழுகிய மிதவைகள் கரையில் ஒதுங்கிக் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் இளைஞர்களின் உழைப்புக்கும் அந்தக் கதி நேர்ந்துவிடக் கூடாது என்பதால்தான் சற்று விரிவாக எழுதுகிறேன்.

குளத்தைப் பச்சையாக்குவது பாசி. நன்னீரில் அந்தப் பாசியைக் கொழிக்கவைக்கும் சத்துகளில் முதன்மையானது பாஸ்பரஸ். 1973-இல் கனடாவில் டேவிட் ஷிண்ட்லர் என்ற நீரியல் அறிஞரும் அவருடைய குழுவினரும், 226 என்று எண்ணிட்ட ஒரு சிறிய ஏரியின் ஒடுங்கிய இடுப்புப் பகுதியில் திரை கட்டி, அதை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனையும் நைட்ரஜனையும் மட்டும் சேர்த்தார்கள். மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் விழுந்த பாதி பாசி படர்ந்து பச்சையாயிற்று. மற்றப் பாதி பழையபடியே இருந்தது. உங்கள் குளத்துக்கு அந்தப் பாஸ்பரஸ் மனிதக் கழிவிலும், துணி துவைத்த நுரையிலும், சமையற்கட்டிலிருந்து வரும் எச்சில் நீரிலும் நாள் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது. பகலில் பிராணவாயுவை வெளியிடும் பாசி இரவில் அதை உறிஞ்சுகிறது. செத்து அழுகும் பாசியும் தன் பங்குக்கு உறிஞ்சுகிறது. போதாக்குறைக்குச் சூடான நீரில் பிராணவாயு குறைவாகத்தான் கரையும். சித்திரை மாதத்து விடியற்காலையில் மீன்கள் செத்து மிதப்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு மனிதரிடமிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை கிராம் பாஸ்பரஸ் வெளியேறுகிறது. ஆண்டுக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேல். மிதவையில் நட்ட செடிகளை ஒழுங்காக அறுத்து அகற்றினால், ஒரு சதுர மீட்டரிலிருந்து ஆண்டுக்குச் சில கிராம் பாஸ்பரஸ் கிடைக்கும். தாராளமாகப் பத்து கிராம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் நூறு சதுர மீட்டர் மிதவைத் தோட்டம் ஓராண்டில் எடுத்துத் தருவது ஒரு கிலோ. அது இரண்டு பேரின் கழிவுக்குக்கூட ஈடாகாது. ஐந்நூறு பேரின் பாஸ்பரஸ் முழுவதும் குளத்துக்கு வந்தால், அதைச் செடியால் மட்டுமே எடுப்பதற்கு ஏறக்குறைய ஏழு ஏக்கர் மிதவை வேண்டும். உங்கள் குளமே அவ்வளவு பெரிதாக இருக்குமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அதற்காகச் செடியால் பயனில்லை என்று நான் சொல்லவரவில்லை. அதன் உண்மையான பணி நாம் நினைக்கும் இடத்தில் நடப்பதில்லை, அவ்வளவுதான். தண்ணீருக்குள் தொங்கும் வேர்த் தொகுதியின் மேல் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வழவழப்பான படலமாகப் படிந்து வாழ்கின்றன. கழிவின் அழுகும் பொருளைச் சிதைப்பவை அவைதாம். வேரின் அருகே பிராணவாயு உள்ள இடத்தில் ஒருவகை நுண்ணுயிர் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்ற, பிராணவாயு இல்லாத இடத்தில் வேறொரு வகை அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடுகிறது. ஆகவே நைட்ரஜனுக்கு வெளியேற ஒரு வழி இருக்கிறது. பாஸ்பரஸுக்கு அப்படியொரு வாயு வழி இல்லாததால், அது செடியின் உடலில் தங்கும், அல்லது சேற்றில் படியும். செடி அங்கேயே மடிந்து அழுகினால், சேர்த்து வைத்ததையெல்லாம் அதே தண்ணீருக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். அறுவடை செய்யாத மிதவைத் தோட்டம் குளத்துக்கு அழகு சேர்க்கலாமே தவிர, பாஸ்பரஸைக் குறைக்காது.

வெளியூர் அனுபவம் ஒன்றையும் சொல்கிறேன். அமெரிக்காவின் சியாட்டில் நகரை ஒட்டிய வாஷிங்டன் ஏரியில் சுற்றுப்புற ஊர்களின் கழிவுநீர் கலந்து, 1950-களில் அது பாசி ஏரியாகிவிட்டது. 1963 முதல் 1968 வரை படிப்படியாக அந்தக் கழிவுநீர் முழுவதையும் ஏரிக்குள் விடாமல் வேறு வழியில் திருப்பினார்கள். செடி எதையும் நடவில்லை. கோடையில் ஒரு மீட்டராகச் சுருங்கியிருந்த நீரின் தெளிவு, அதாவது கண்ணுக்குத் தெரியும் ஆழம், 1970-களில் மூன்று மீட்டரைத் தாண்டிற்று. வரவை நிறுத்துவதுதான் முதல் மருந்து என்பதற்கு நான் அறிந்த மிகத் தெளிவான சான்று இது.

யாங்கோனில் நாம் அவ்வாறு எளிதில் திருப்பிவிட முடியாது என்பதும் உண்மைதான். இங்கே சாக்கடைக் குழாய் அமைப்பு 1888-இல் தொடங்கியது. அது நகரின் மையப் பகுதிக்கு மட்டும் உரியது. மற்றப் பேட்டைகளில் உள்ளவர்கள் செப்டிக் டேங்கை நம்பியே வாழ்கிறோம். பல வீடுகளில் அதை ஆண்டுக்கணக்கில் அள்ளுவதே இல்லை. நிரம்பிய தொட்டிக்குள் வருவது அப்படியே வாய்க்காலுக்குப் போய்விடுகிறது. ஆகவே நீங்கள் திரட்டும் பணத்தில் முதல் பங்கை, வாய்க்காலை ஒட்டிய வீடுகளின் தொட்டிகளை அள்ளுவதற்குச் செலவிடுங்கள் என்பதே என் யோசனை. அடுத்த பங்கில், குளத்தின் நடுவை விட்டுவிட்டு, வாய்க்கால் வாயிலேயே செடியை வையுங்கள். ஆழமற்ற தொட்டி வெட்டி, சரளைக்கல் நிரப்பி, சம்பும் நாணலும் நட்டு, செப்டிக் டேங்கில் தெளிந்து வரும் நீர் அந்தக் கல்லுக்குள் மெல்ல ஊறிக் கடக்கும்படி செய்வது ஒரு முறை. ஜெர்மனியில் கேத்தே ஸைடல் என்ற அம்மையார் 1950-களில் கோரைச் செடிகளைக் கொண்டு செய்த சோதனைகளிலிருந்து வளர்ந்த முறை இது. வெப்பநாடுகளில் நன்கு திட்டமிட்டுக் கட்டினால் ஆளுக்கு இரண்டு சதுர மீட்டர் அளவில் இது வேலை செய்யும். ஐந்நூறு பேருக்கு ஆயிரம் சதுர மீட்டர், அதாவது கால் ஏக்கர். நாற்றத்தையும் அழுகல் பொருளையும் கிருமிகளையும் இது பெருமளவு குறைத்துவிடும். பாஸ்பரஸில் ஒரு பகுதியைத்தான் பிடிக்கும். மிச்சத்துக்காகக் குளத்துக்குள் மிதவைகளை விடுங்கள். அப்போது அவற்றால் தாங்கக்கூடிய சுமைதான் அவற்றின் மேல் விழும்.

ஹைதராபாத்தின் நெக்னாம்பூர் ஏரியில் 2018-இல் ஏறத்தாழ 3,000 சதுர அடியில், வெட்டிவேர், கல்வாழை, சம்பு முதலிய செடிகளுடன் அமைத்த மிதவையைப் பற்றி உங்கள் நண்பர் கேள்விப்பட்டிருக்கலாம். அது போற்றத்தக்க முயற்சி. ஆனால் 3,000 சதுர அடி என்பது 280 சதுர மீட்டருக்கும் குறைவு. மேலே போட்ட கணக்கை அதற்கும் நீங்களே போட்டுப் பாருங்கள்.

*கேள்வி: பேடா என்று பர்மியர் சொல்லும் ஆகாயத்தாமரை அழுக்கு நீரைச் சுத்தம் செய்யும் என்று படித்தேன். அதுதான் செலவில்லாமலே எங்கும் கிடைக்கிறதே, அதையே குளத்தில் விட்டால் என்ன?*
— வாசகர், சிரியம்

பதில்: படித்தது பொய்யில்லை. 1970-களில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் மிஸிஸிப்பி ஆய்வுக்கூடத்தில் பில் வால்வர்டன் என்பவர் இதே செடியைக் கழிவுநீர்க் குட்டைகளில் வளர்த்து, நீர் கணிசமாகச் சுத்தமாவதைக் காட்டினார். ஆனால் அவை கரை கட்டிய குட்டைகள். செடியை வாரி எடுக்க ஆளும் கருவியும் அங்கே இருந்தன.

திறந்த குளத்தில் கதை வேறு. அமேசான் ஆற்றுப் பகுதியிலிருந்து வந்த இந்தச் செடி, சத்து மிகுந்த வெந்நிலத்து நீரில் ஒன்றிரண்டு வாரத்தில் இரட்டிப்பாகிவிடும். நீர் முழுவதையும் அது மூடிக்கொண்டால், காற்றிலிருந்து பிராணவாயு கரைவதும் தடைப்படும்; அடியில் உள்ளவை மூச்சுத் திணறிச் சாகும். அதன் வேரைத் துளைத்து அங்கிருந்தே மூச்சுக் காற்றை எடுத்துக்கொள்ளும் மான்சோனியா என்ற கொசுவின் புழுக்களுக்கு அது தொட்டிலாகவும் ஆகிவிடும்; யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுக்களில் அதுவும் ஒன்று. ஒரு ஹெக்டேரில் அடர்ந்த பேடாவின் எடை இருநூறு டன்னைத் தாண்டும்; அதில் தொண்ணூற்றைந்து விழுக்காடு வெறும் தண்ணீர். ஆக, பத்து டன் உலர்ந்த பொருளை அகற்றுவதற்காக இருநூறு டன்னைத் தோளில் சுமக்க வேண்டும். ஒருமுறை வாரிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. சேற்றில் புதைந்த விதை பதினைந்து இருபது ஆண்டுகள் கழித்தும் முளைக்கும். இந்த நாட்டில் ஆகாயத்தாமரைக்கென்றே 1917-இல் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்றால், நம் பாட்டனார் காலத்திலேயே அது எவ்வளவு தொல்லை கொடுத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஏற்கெனவே உங்கள் குளத்தில் அது இருக்கிறது என்றால், அடியோடு அழிக்கப் போராடுவதைவிட, மூங்கில் தடுப்புக்குள் ஒரு மூலையில் அடைத்துவைத்து, வாரந்தோறும் ஒரு பகுதியை வாரி எடுங்கள். ஐராவதிக் கழிமுகத்தில் தண்டைக் காயவைத்துக் கூடை முடைகிறார்கள். வாங்கிக்கொள்ள ஆள் இருந்தால் வாருவதற்கும் ஆள் கிடைக்கும். இல்லாத குளத்தில் புதிதாகக் கொண்டுபோய் விடுவதை மட்டும் நான் ஒருபோதும் ஒப்ப மாட்டேன்.

*கேள்வி: எங்கள் வீட்டருகே உள்ள குளத்தில் சாக்கடை கலக்கிறது. அதில் கஸூன் யுவெ கீரை தளதளவென்று படர்ந்திருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா பறித்து வந்து எங்களுக்கும் கொடுக்கிறார். நன்றாகக் கழுவி வதக்கினால் சாப்பிடலாம்தானே?*
— வாசகி, தாம்வே

பதில்: வேண்டாம், அம்மா. இந்தப் பக்கத்தில் நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

பர்மியர் கஸூன் யுவெ என்று சொல்லும் வள்ளைக்கீரை, கழிவுநீரில் மிகச் செழிப்பாக வளரக்கூடியது. கம்போடியத் தலைநகர் புனோம்பென்னின் தெற்கே சுங் ஏக் சதுப்பு நிலத்தில், நகரத்துக் கழிவுநீர் பாயும் பரப்பிலேயே அதைப் பயிரிட்டுச் சந்தைக்கு அனுப்பிவந்திருக்கிறார்கள். கீரை நீரைச் சுத்தம் செய்கிறது, பலருக்கும் பிழைப்பும் ஆகிறது. ஆனால் அந்த நீரில் இறங்கி அறுப்பவர்களிடம் தோல் நோய் மிகுதி என்பதும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது.

கேடு இரண்டு வகையாக வருகிறது. ஒன்று, கிருமிகளும் ஒட்டுண்ணிகளும். நீர்ச்செடிகளைப் பச்சையாகக் கடிப்பவர்களின் குடலில் தங்கிவிடும் தட்டைப்புழு ஒன்றும் அவற்றில் அடக்கம். நன்றாக வேகவைத்தால் இவை சாகும். மற்றொன்று, ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள். பட்டறை, சாயக்கூடம், பேட்டரிக் கடை, முலாம் பூசும் இடம் ஆகியவற்றின் நீர் வாய்க்காலில் கலந்தால், இவையும் உடன் வரும். உலோகம் அழுகுவதில்லை, எரிந்தும் அழிவதில்லை. கழுவினாலும் வதக்கினாலும் இலைக்குள் இருப்பது அங்கேயேதான் இருக்கும். நீரைச் சுத்தம் செய்கிறது என்று எந்தக் குணத்துக்காக ஒரு செடியைப் புகழ்கிறோமோ, அதே குணத்தால் அது நஞ்சைத் தன் உடலில் சேர்த்து வைத்திருக்கிறது. சுத்திகரிக்க நட்ட செடியும் உண்ணப் பறிக்கும் செடியும் ஒன்றாக இருக்கவே கூடாது. குழந்தைகள் உள்ள வீடு என்றால் இதில் தயவு தாட்சண்யம் பார்க்காதீர்கள். ஈயம் அவர்களுடைய மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. அக்காவிடமும் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள், அவருக்கும் நல்லதுதான்.

*கேள்வி: எங்கள் கோவில் குளத்து நீர் கெட்டுவிட்டது. தாமரை நட்டால் நீர் தெளியும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். உண்மையா?*
— கோவில் பணியாளர், பெகு

பதில்: தாமரை இலையின் நிழலில் பாசிக்கு வெயில் குறையும்; அந்த அளவுக்கு உண்மை. ஆனால் வாடிய இலையையும் தண்டையும் அவ்வப்போது எடுத்தாக வேண்டும். கோவில் குளத்துக்குச் சாக்கடை வராவிட்டால், அங்கே சேரும் சத்தின் பெரும்பகுதி நம் கையால் விழுவதுதான்: அபிஷேகப் பால், நிர்மாலியப் பூ, அன்னம், எண்ணெய். பூவுக்குக் கரையில் ஒரு குழி வெட்டி உரமாக்குங்கள். அபிஷேக நீரை நந்தவனத்துக்குத் திருப்புங்கள். தெய்வத்துக்குச் சாத்திய பூ நந்தவனத்து மண்ணில் மறுபடி பூவாகப் பூப்பதில் எந்தக் குறையும் இல்லை. இவற்றைச் செய்த பிறகு தாமரை நடுங்கள். அது தன் பங்கைச் செய்யும்.

*கேள்வி: நாங்கள் தோழிகள் ஆறு பேர் சேர்ந்து ஒரு சிறிய மிதவை செய்து பார்க்க விரும்புகிறோம். எப்படிக் கட்டுவது? பயன் தருகிறதா என்று கருவிகள் இல்லாமல் எப்படி அறிவது?*
— கல்லூரி மாணவி, யாங்கோன்

பதில்: மகளே, மிதக்கும் தோட்டத்தைப் பற்றி இந்த நாட்டுக்கு வெளியே போய்க் கற்க வேண்டியதில்லை. ஷான் மாநிலத்தின் இன்லே ஏரியில் இந்தா மக்கள் நீர்க்களைகளைத் திரட்டிப் பாத்தியாக்கி, மூங்கில் கழிகளால் ஏரித் தரையோடு குத்தி நிறுத்தி, தக்காளி விளைவிக்கிறார்கள். அங்கே உரமும் பூச்சிமருந்தும் போட்டதால் ஏரிக்குக் கேடு வந்தது. உங்கள் மிதவைக்கு ஒரு பிடி உரமும் போடாதீர்கள். செடி பசியோடு இருந்தால்தான் குளத்திலிருந்து எடுக்கும்.

இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்தில் மூங்கில் சட்டம் கட்டி, அடியில் மூடி இறுக்கிய காலிப் புட்டிகளை வலைக்குள் திணித்து, மேலே தென்னை நாரைப் பரப்புங்கள். வெட்டிவேர், கல்வாழை, கோரை மூன்றையும் கலந்து நடலாம். வேர் தண்ணீரைத் தொட வேண்டும், தண்டு மூழ்கக் கூடாது. தெர்மோகோல் வேண்டாம், அது உதிர்ந்து மீன் வயிற்றுக்குள் போகும். எங்கள் பேட்டையில் நாங்கள் கட்டிய முதல் மிதவையின் நங்கூரக் கயிறு குட்டையாக இருந்ததால், ஆனி மழையில் நீர் ஏறியதும் ஒரு பக்கம் இழுபட்டு மூழ்கி, மூன்று மாதம் வளர்ந்த செடிகள் ஒரே வாரத்தில் அழுகிப்போயின. யாங்கோனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது, அதில் பெரும்பகுதி வைகாசி முதல் ஐப்பசிக்குள். எனவே கயிற்றைக் குளத்தின் ஆழத்தைவிட இரு மடங்காவது விடுங்கள். தீபாவளி கழிந்து மழை ஓய்ந்ததும் நட்டு, மாசியில் ஒரு முறை, பர்மியப் புத்தாண்டான திங்யானுக்கு முன் ஒரு முறை அறுக்கலாம். அறுத்ததைக் கரையில் குவித்து வைத்தால் முதல் மழையே அதன் சாற்றைக் குளத்துக்குத் திருப்பிவிடும்; அன்றே தூரமாகக் கொண்டுபோய் உரக்குழியில் போடுங்கள். பட்டறை நீர் கலக்கும் குளமாக இருந்தால், அந்த உரம் பூச்செடிக்கு மட்டும்தான், காய்கறிக்கு ஆகாது.

பயனை அறிய ஒரு தட்டும் கயிறும் போதும். இத்தாலியப் பாதிரியார் ஆஞ்செலோ ஸெக்கி 1865-இல் கடல்நீரின் தெளிவை இவ்வாறுதான் அளந்தார். இருபது சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டத் தட்டை நான்காகப் பிரித்து, மாற்றி மாற்றிக் கறுப்பும் வெள்ளையும் பூசி, அடியில் கனமான ஒரு கல்லைக் கட்டி, கயிற்றில் பத்துப் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சுப் போடுங்கள். மெல்ல இறக்கும்போது எந்த முடிச்சில் தட்டு கண்ணுக்கு மறைகிறதோ, மேலே இழுக்கும்போது எந்த முடிச்சில் மறுபடி தெரிகிறதோ, இரண்டுக்கும் நடுவில் உள்ளதே அன்றைய தெளிவு. மிதவையை இறக்குவதற்கு முன்பே தொடங்கி, வாரம் ஒரு முறை, ஒரே ஆள், ஒரே இடத்தில் அளந்து, தேதியையும் முந்தின நாள் மழை பெய்ததா என்பதையும் சேர்த்து ஓர் ஏட்டில் எழுதி வாருங்கள். காலை பத்து மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் இடையே, வெயில் கண்ணில் தெறிக்காதபடி நிழல் விழும் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.